பட்டன் வேலை செய்யவில்லையா? சாட்பாட் கீபோர்டு கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"பட்டன் வேலை செய்யவில்லை" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தச் சாட்பாட்டையும் சரிசெய்ய முடியாது. பட்டனே வரவில்லையா? வந்தும், அழுத்தினால் அப்படியே நிற்கிறதா? அழுத்தியது போய்ச் சேர்ந்தும் வேறு ஏதோ நடக்கிறதா? இந்த மூன்றுக்கும் காரணம் மூன்று வேறு இடங்களில் இருக்கும். இங்கே பெரும்பாலும் டெலிகிராம் பாட்களை (சாட்பாட்களை) வைத்துப் பார்ப்போம், கடைசியில் வாட்ஸ்அப்பும் வரும். பட்டன் வரவில்லை என்றால் நீங்கள் அனுப்பும் ஜேசானை (JSON, தரவை எழுதி அனுப்பும் வடிவம்) பார்க்க வேண்டும். அழுத்தியது வந்து சேரவில்லை என்றால் டெலிகிராம் சர்வருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் பார்க்க வேண்டும். வந்த பிறகு தவறு நடந்தால் உங்கள் ஹேண்ட்லரில், அதாவது வந்ததைக் கையாளும் நிரல் பகுதியில். எந்த இடம் என்று தெரியாமல் நிரலில் கைவைத்தால், ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதும் கெட்டுப்போகும்.

அதனால் எந்தக் கோளாறு என்றாலும் முதல் வேலை இதுதான்: உள்ளே வரும் ஒவ்வொரு அப்டேட்டையும் (மெசேஜ், அழுத்தல் போன்றவற்றை டெலிகிராம் தெரிவிக்கும் தகவல்), லைப்ரரி அதைப் பிரித்து மேய்வதற்கு முன்னால், வந்தது வந்தபடி லாக்கில் (பதிவுக் கோப்பில்) எழுத வையுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு அழைப்புக்கும் கிடைக்கும் பதிலையும் முழுதாக எழுத வையுங்கள். டெலிகிராம் எரர் தரும்போது 400 என்ற எண்ணோடு நிறுத்துவதில்லை. டிஸ்கிரிப்ஷன் என்ற புலத்தில் காரணத்தையும் எழுதி அனுப்புகிறது. அந்த ஒரு வரியைப் படித்தாலே பாதிப் பிரச்சினைகள் தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். டெலிகிராமில் கீபோர்டு இரண்டு வகை. இன்லைன் கீபோர்டு மெசேஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். அதில் கால்பேக் பட்டனை அழுத்தினால் சாட்டில் எதுவும் எழுதப்படாது. பாட்டுக்குக் கால்பேக் குவெரி என்ற தனி அப்டேட் போகும். ரிப்ளை கீபோர்டு, தட்டச்சு செய்யும் பெட்டிக்குக் கீழே வரும். அதை அழுத்தினால், பயனரே அந்த வார்த்தையைத் தட்டி அனுப்பியதுபோல சாதாரண மெசேஜாகப் போகும். ரிப்ளை கீபோர்டைப் போட்டுவிட்டுக் கால்பேக்குக்காகக் காத்திருந்தால் அது ஒருநாளும் வராது. கீழே படிப்பதற்கு முன் உங்களுடையது எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

## மெசேஜே போகவில்லை, 400 எரர் வருகிறது

முதலில் கீபோர்டின் வடிவத்தைப் பாருங்கள். அது பட்டன்களின் பட்டியல் அல்ல, வரிசைகளின் பட்டியல். ஒவ்வொரு வரிசையும் தனிப் பட்டியல். ஒரே ஒரு பட்டன்தான் என்றாலும் இரண்டு சதுர அடைப்புக்குறி தேவை: [[பட்டன்]]. ஒற்றை அடைப்புக்குறி போட்டால், "அரே ஆஃப் அரேஸ்" ஆக இருக்க வேண்டும் என்று எரரே சொல்லும்.

அடுத்து, ரிப்ளை மார்க்கப் (கீபோர்டைச் சுமந்து செல்லும் புலம்) எப்படிப் போகிறது என்று பாருங்கள். கோரிக்கை முழுவதையும் ஜேசானாக அனுப்பினால் கீபோர்டு அதற்குள் ஒரு ஆப்ஜெக்டாக இருந்தால் போதும். ஃபார்ம் டேட்டாவாக அனுப்பினால், முக்கியமாகப் படத்தோடு சேர்த்துக் கோப்பை ஏற்றும்போது, கீபோர்டை மட்டும் தனியாக ஜேசான் சரமாக மாற்றித் தர வேண்டும். எழுத்து மெசேஜில் வரும் கீபோர்டு படத்தோடு மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்லைன் பட்டன் ஒவ்வொன்றிலும் அதன் எழுத்தைத் தவிர, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் புலம் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும்: கால்பேக் டேட்டா (அழுத்தும்போது பாட்டுக்குத் திரும்பி வரும் குறிப்பு), அல்லது யுஆர்எல், அல்லது அதுபோல வேறொன்று. எதுவும் இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் டெலிகிராம் ஏற்காது. யுஆர்எல் பட்டனில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியும் செல்லாது. உங்கள் கணினியில் சோதிக்கும்போதும் உண்மையான டொமைன் ஒன்றைத்தான் போட வேண்டும்.

## நேற்றுவரை போனது, இன்று சிலருக்கு மட்டும் போகவில்லை

தமிழில் பாட் எழுதுபவர்களை அதிகமாகச் சுற்றலில் விடுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். எரர் "பட்டன் டேட்டா இன்வேலிட்" என்று வரும். கால்பேக் டேட்டாவுக்கு இடம் 1 முதல் 64 பைட் வரைதான். 64 எழுத்து அல்ல, 64 பைட்.

எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். "ப" என்பது ஒரே குறியீடு, 3 பைட். "மு" என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு, 6 பைட். "ன்" என்பதிலும் புள்ளிக்குத் தனிக் குறியீடு உண்டு, அதுவும் 6 பைட். ஆக, மொத்தம் 21 குறியீட்டுக்குத்தான் இடம். கண்ணுக்கு அது பத்துப் பன்னிரண்டு எழுத்தாகத்தான் தெரியும்.

ஒரு எடுத்துக்காட்டு. கால்பேக் டேட்டாவில் "முன்பதிவை ரத்து செய்" என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, பதிவு எண்ணைச் சேர்க்கிறீர்கள். அந்தச் சொற்களில் 18 தமிழ்க் குறியீடுகள், 54 பைட். இரண்டு இடைவெளிகளையும் சேர்த்து 56. முக்காற்புள்ளிக்கு 1. பதிவு எண் ஏழு இலக்கம் என்றால் மொத்தம் சரியாக 64, போய்விடும். பதிவு எண் எட்டு இலக்கத்துக்குத் தாண்டும் நாளில் 65 ஆகிவிடும். அன்றிலிருந்து புதிய பதிவுகளுக்கு மட்டும் பட்டன் வராது. பழையவற்றுக்கு வந்துகொண்டே இருக்கும். நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. சோதனை செய்து பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

கவனியுங்கள், ஒரே ஒரு பட்டன் வரம்பைத் தாண்டினாலும் முழு மெசேஜும் திரும்பிவிடும். பத்துப் பேரைப் பட்டியலிடும் கீபோர்டில் ஒருவரின் பெயர் மட்டும் நீளம் என்றால், மற்ற ஒன்பது பேரும் சேர்ந்தே காணாமல் போவார்கள்.

தீர்வு எளிது. பயனருக்குத் தெரியும் எழுத்து எவ்வளவு அழகான தமிழாகவும் இருக்கட்டும். உள்ளே போகும் டேட்டா ஒன்றிரண்டு ஆங்கில எழுத்து, ஒரு பிரிப்புக்குறி, ஒரு எண் என்ற அளவில் இருந்தால் போதும். நிறைய விவரத்தைச் சுமக்க வேண்டும் என்றால் அதை டேட்டாபேஸில் வைத்துவிட்டு, அந்த வரிசையின் ஐடியை மட்டும் பட்டனில் போடுங்கள். பட்டனை உருவாக்கும் இடத்திலேயே பைட் நீளத்தைச் சரிபார்க்கும் வரி ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். எழுத்துகளை எண்ணும் செயலி (ஃபங்ஷன்) இங்கே உதவாது. பைட்டாக மாற்றிவிட்டு எண்ண வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் டேட்டாவைச் சுருக்கமாக வைப்பது நல்லது. திரும்பி வரும் கால்பேக் டேட்டா நீங்கள் அனுப்பியதுதான் என்று நம்பக் கூடாது. நீங்கள் வைக்காத டேட்டாவையும் ஒருவர் அனுப்ப முடியும் என்று டெலிகிராமின் ஆவணமே எச்சரிக்கிறது. விலை, தள்ளுபடி, நிர்வாகி உரிமை போன்றவற்றைப் பட்டனுக்குள் எழுதி, திரும்பி வந்ததை அப்படியே நம்பினால் அது ஓட்டைதான். ஐடி மட்டும் வரட்டும். அந்த ஐடியைத் தொட இவருக்கு உரிமை உண்டா என்று சர்வரில் பாருங்கள்.

## பட்டன் வருகிறது, அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது

லாக்கைப் பாருங்கள். கால்பேக் குவெரி வந்திருக்கிறதா? வந்திருந்தால், பெரும்பாலும் நீங்கள் ஆன்சர் கால்பேக் குவெரி அழைப்பைச் செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இந்த அழைப்பு கட்டாயம். பயனருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றாலும் வெறுமையாகவாவது அழைக்க வேண்டும்; அதுவரை அவருடைய திரையில் அந்தப் பட்டன் காத்திருந்துகொண்டே இருக்கும். சொல்ல ஏதாவது இருந்தால் 200 எழுத்து வரை எழுதலாம். திரையின் மேலே ஒரு கணம் வந்து மறையும். ஷோ அலர்ட் போட்டால் பெட்டியாக வந்து நிற்கும்.

அழைப்பு இருந்தும் சுற்றுகிறது என்றால் வரிசையைப் பாருங்கள். முதலில் டேட்டாபேஸ், அப்புறம் வெளிச் சேவை, அதற்கப்புறம் பிடிஎஃப், கடைசியில் ஆன்சர் என்று எழுதியிருந்தால், அத்தனை நேரமும் பயனர் காத்திருக்கிறார். காத்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார், மறுபடி அழுத்துவார். ரொம்பத் தாமதமானால் "குவெரி இஸ் டூ ஓல்டு" என்று டெலிகிராமும் பதிலை மறுத்துவிடும். ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே ஆன்சர் செய்யுங்கள், கனமான வேலை பின்னால் நடக்கட்டும். முடிவைப் பொறுத்து அலர்ட் காட்ட வேண்டிய பட்டனுக்கு மட்டும் இது பொருந்தாது, ஏனென்றால் ஒரு அழுத்தலுக்குப் பதில் ஒரு தடவைதான்.

அதே எரர் பாட்டை நிறுத்தி மறுபடி ஓட்டும்போதும் வரும். பாட் தூங்கிய நேரத்தில் வந்த அப்டேட்களை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருந்து, எழுந்ததும் தரும். அதிலுள்ள பழைய அழுத்தல்களுக்குப் பதில் சொல்லும் காலம் கடந்திருக்கும். இந்த எரரைப் பிடித்து ஒதுக்காவிட்டால் ஹேண்ட்லர் அங்கேயே உடைந்து, மீதி வேலையும் நடக்காமல் போகும்.

## அழுத்துகிறார்கள், லாக்கில் எதுவுமே இல்லை

சாதாரண மெசேஜ் வருகிறது, கால்பேக் மட்டும் வரவில்லை என்றால் நேராக அலவ்டு அப்டேட்ஸைப் பாருங்கள். எந்த வகை அப்டேட் வேண்டும் என்று சொல்லும் பட்டியல் அது. என்றைக்கோ அதில் "மெசேஜ்" மட்டும் போட்டிருந்தால் கால்பேக் குவெரி வராது. இதில் பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு: பிறகு வெப்ஹூக்கை (டெலிகிராம் அப்டேட்களைக் கொண்டுவந்து தரும் உங்கள் சர்வர் முகவரியை) மறுபடி அமைக்கும்போது இந்தப் பட்டியலைச் சொல்லாமல் விட்டால், டெலிகிராம் பழைய பட்டியலையே வைத்துக்கொள்ளும். நிரலிலிருந்து அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, சரியான பட்டியலை ஒரு தடவை வெளிப்படையாக அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை. கெட் வெப்ஹூக் இன்ஃபோ அழைப்பு எல்லாவற்றையும் காட்டிவிடும்: இப்போது எந்த முகவரி, எந்தெந்த வகை அப்டேட், எத்தனை அப்டேட் தேங்கி நிற்கிறது, கடைசியாக வந்த எரர் என்ன. தேங்கிய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டெலிகிராம் அனுப்புகிறது, உங்கள் சர்வர் வாங்கவில்லை என்று பொருள். சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கலாம், அல்லது போர்ட் தவறாக இருக்கலாம். வெப்ஹூக்குக்கு 443, 80, 88, 8443 ஆகிய நான்கு போர்ட்களைத்தான் டெலிகிராம் ஏற்கும்.

மெசேஜும் வரவில்லை, கால்பேக்கும் வரவில்லை, 409 எரர் தெரிகிறது என்றால், ஒரே டோக்கனை (பாட்டின் ரகசியச் சாவியை) இருவர் இழுக்கிறார்கள். ஒன்று, வெப்ஹூக் இருக்கும்போதே போலிங் (பாட்டே போய் அப்டேட்களைக் கேட்டு வாங்கும் முறை) ஓட்டுகிறீர்கள். இல்லையென்றால் சர்வரில் ஒரு பிரதியும் உங்கள் மடிக்கணினியில் இன்னொன்றும் சேர்ந்து ஓடுகின்றன. பாட் சில அழுத்தலுக்குப் பதில் சொல்லி, சிலவற்றை விழுங்குகிறது என்றாலும் இந்த இரட்டை ஓட்டத்தைச் சந்தேகப்படுங்கள். சோதனைக்குத் தனி பாட், தனி டோக்கன் வைத்துக்கொள்வதே நிம்மதி.

## ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொன்றின் வேலை நடக்கிறது

அநேகமாகக் காரணம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்தை வடிவம் வைத்துத் தேடும் முறை. "பக்கம்_1" என்ற வடிவத்தைத் தேடும் ஹேண்ட்லர், "பக்கம்_10", "பக்கம்_12" எல்லாவற்றையும் தன்னுடையது என்று பிடித்துக்கொள்ளும். பல லைப்ரரிகள் தொடக்கம் பொருந்தினால் போதும் என்றே பார்க்கின்றன, முடிவைப் பார்ப்பதில்லை. வடிவத்தின் இறுதியில் டாலர் குறி வைத்து மூடுங்கள். பொருந்தும் முதல் ஹேண்ட்லரே வேலையை எடுத்துக்கொள்ளும் லைப்ரரி என்றால், பொதுவான வடிவத்தைக் கடைசியில் பதிவு செய்யுங்கள்.

## மெசேஜ் மாறவில்லை, அல்லது பட்டன்கள் மறைந்துவிட்டன

"மெசேஜ் இஸ் நாட் மாடிஃபைடு" என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏற்கெனவே இருப்பதையே மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். "புதுப்பி" பட்டனை அழுத்தும்போது விவரம் மாறாமல் இருந்தால் இது வரும். அந்த ஒரு எரரை மட்டும் பிடித்து, "புதிதாக எதுவும் இல்லை" என்று ஆன்சரில் சொல்லிவிடுங்கள். எல்லா எரரையும் மொத்தமாக விழுங்கும் வலையைப் போடாதீர்கள், உண்மையான கோளாறும் அதில் மறைந்துபோகும்.

எழுத்தை மாற்றியதும் பட்டன்கள் மறைகின்றன என்றால், எடிட் அழைப்பில் கீபோர்டைச் சேர்க்கவில்லை. திருத்தும்போது பழைய இன்லைன் கீபோர்டு தானாக ஒட்டிக்கொண்டு இருக்காது. ஒவ்வொரு எடிட்டிலும் திரும்பக் கொடுக்க வேண்டும். கீபோர்டு மட்டும் மாறினால் போதும் என்றால் எடிட் மெசேஜ் ரிப்ளை மார்க்கப் என்ற தனி அழைப்பு இருக்கிறது. ரிப்ளை கீபோர்டோடு அனுப்பிய மெசேஜைப் பின்னால் திருத்தவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

## கீழே வந்த கீபோர்டு போக மாட்டேன் என்கிறது

ரிப்ளை கீபோர்டு ஒரு தடவை வந்தால், நீங்கள் எடுக்கும்வரை இருக்கும். ஒன் டைம் கீபோர்டு போட்டால் பயன்படுத்தியதும் மடங்கும், ஆனால் அழியாது; தட்டச்சுப் பெட்டியில் உள்ள கீபோர்டு ஐகானைப் பயனர் தொட்டால் திரும்ப வரும். முழுதாக எடுக்க ரிப்ளை கீபோர்டு ரிமூவை ஒரு மெசேஜோடு அனுப்ப வேண்டும். பட்டன்கள் பாதித் திரையை அடைத்துக்கொண்டால் ரீசைஸ் கீபோர்டை இயக்குங்கள்.

பட்டனை அழுத்துகிறார், எழுத்து வந்து சேர்கிறது, ஆனாலும் பாட் "புரியவில்லை" என்கிறதா? ரிப்ளை கீபோர்டில் நீங்கள் ஒப்பிடுவது வெறும் எழுத்தைத்தான், தமிழில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "தொடங்கு" என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. கீபோர்டை உருவாக்கும் கோப்பில் ஒருவர் தட்டியதும், ஹேண்ட்லரில் இன்னொருவர் வேறு மென்பொருளிலிருந்து ஒட்டியதும் இப்படி முரண்படலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோடின் சீரான வடிவமான என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளிகளையும் நீக்குங்கள். அதைவிட நல்லது, பட்டன் எழுத்தை ஒரே இடத்தில் மாறிலியாக வைத்து இரண்டு இடத்திலும் அதையே பயன்படுத்துவது. எழுத்தில் எமோஜி இருந்தால் அதற்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒட்டியிருக்கக்கூடும்.

தொடர்பு எண்ணையோ இருப்பிடத்தையோ கேட்கும் பட்டன்கள் தனிச் சாட்டில் மட்டுமே செல்லும். குழுவில் முயலாதீர்கள்.

## தனிச் சாட்டில் ஓடுகிறது, குழுவில் ஓடவில்லை

பிரைவசி மோடு இயங்கும்போது குழுவில் எழுதப்படும் எல்லா மெசேஜும் பாட்டுக்கு வராது. பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதரில் அதை அணைத்தாலும் ஏற்கெனவே இருக்கும் குழுக்களில் உடனே மாறாது, பாட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இன்லைன் பட்டன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குழுவுக்கு நான் பரிந்துரைப்பது எப்போதும் இன்லைன்தான்.

குழுவில் வரும் இன்னொரு குழப்பம், அழுத்தியவர் யார் என்பது. கால்பேக் குவெரியின் உள்ளே இருக்கும் மெசேஜின் ஃப்ரம் புலம் உங்கள் பாட்டையே குறிக்கும், ஏனென்றால் அந்த மெசேஜை அனுப்பியது பாட்தான். அழுத்தியவர், கால்பேக் குவெரியின் நேரடியான ஃப்ரமில் இருக்கிறார். மாற்றி எடுத்தால் எல்லா வாக்குகளும் எல்லாப் பதிவுகளும் பாட்டின் பெயரிலேயே விழும். ஒருவருக்காகப் போட்ட பட்டனைக் குழுவில் யார் வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதையும் மறக்காதீர்கள். உரியவரின் ஐடியோடு ஒப்பிட்டு, மற்றவர் என்றால் ஒரு அலர்ட்டோடு நிறுத்துங்கள்.

## ஒரே வேலை இரண்டு தடவை நடக்கிறது

காரணம் அவசரமான விரலாகவும் இருக்கலாம், உங்கள் சர்வராகவும் இருக்கலாம். வெப்ஹூக்குக்கு 200 வரிசையில் (கிடைத்தது என்று சொல்லும் எண்) பதில் போகாவிட்டால் டெலிகிராம் அதே அப்டேட்டை மறுபடி அனுப்பும். லாக்கில் இரண்டின் அப்டேட் ஐடியையும் பாருங்கள். ஒரே ஐடி என்றால் மறு அனுப்புதல். ஐடியைச் சேமித்துவைத்து, இரண்டாவதைத் தள்ளுங்கள், 200-ஐ முதலில் அனுப்பிவிட்டு வேலையைப் பின்னால் செய்யுங்கள். வேறு ஐடி என்றால் பயனர் உண்மையிலேயே இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார். பட்டனை முதல் அழுத்தலிலேயே நீக்குவது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. நீக்குவதற்குள் இரண்டாவது அழுத்தல் வந்துவிடும். பணம், முன்பதிவு போன்றவற்றில் "இது ஏற்கெனவே முடிந்ததா" என்ற கேள்வியை டேட்டாபேஸில்தான் கேட்க வேண்டும்.

## அதே பாட்டை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோனதும் உடைகிறது

வாட்ஸ்அப் பாட்களுக்கான கிளவுட் ஏபிஐயில் வரம்புகள் இன்னும் இறுக்கம். ஒரு மெசேஜில் ரிப்ளை பட்டன் மூன்றுதான், ஒவ்வொன்றின் தலைப்பும் 20 எழுத்துக்குள். அதற்கு மேல் வேண்டும் என்றால் லிஸ்ட் மெசேஜ். அதிலும் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து 10 வரிசை, வரிசைத் தலைப்பு 24 எழுத்து. புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் தமிழில் 20 என்பது சீக்கிரமே தீரும். "முன்பதிவை உறுதி செய்கிறேன்" என்பதற்குப் பதிலாக "சரி" என்று எழுதப் பழக வேண்டும்.

சில பயனர்களுக்கு மட்டும் பட்டன் போகவில்லை, எரர் 131047 என்றால், அவர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு முன்பே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட்டை (மெசேஜ் மாதிரியை)த்தான் அனுப்ப முடியும்.

டெம்ப்ளேட்டுக்கு மாறியதும் அடுத்த சிக்கல் வரும். சாதாரண ரிப்ளை பட்டனை அழுத்தினால் வெப்ஹூக்கில் வகை "இன்டராக்டிவ்" என்று வரும், நீங்கள் கொடுத்த ஐடி பட்டன் ரிப்ளை என்ற புலத்துக்குள் இருக்கும். லிஸ்ட் என்றால் லிஸ்ட் ரிப்ளையில். டெம்ப்ளேட்டில் உள்ள விரைவுப் பதில் பட்டனை அழுத்தினாலோ வகை வெறும் "பட்டன்" என்று வரும், டேட்டா பேலோடு என்ற புலத்தில் இருக்கும். முதல் வகையை மட்டும் எதிர்பார்க்கும் ஹேண்ட்லர் இரண்டாவதைப் பார்க்காமலே தாண்டிவிடும், எரரும் வராது. இந்த மூன்று வடிவங்களையும் வாசலிலேயே பிடித்து, "அழுத்தியவர், ஐடி" என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றும் சிறிய செயலி ஒன்றை எழுதிவிடுங்கள். டெலிகிராமின் கால்பேக்கையும் அதே செயலி வழியாக அனுப்பினால், மீதி நிரல் இரண்டு தளத்துக்கும் பொதுவாகவே இருக்கும்.